வானம் பார்த்த ஆன்டெனா

காரில் செயற்கைக்கோள் வானொலி கேட்க வேண்டியவை மூன்று: கூரைமேல் ஓர் ஆன்டெனா, டேஷ்போர்டில் ஒரு ரிசீவர், மாதாமாதம் கட்டும் சந்தா. ரிசீவரைக் கடையில் வாங்கிவிடலாம். சந்தாவைத் தொலைபேசியிலேயே கட்டிவிடலாம். பாட்டு அறுபடாமல் ஒலிக்குமா, விட்டுவிட்டு ஒலிக்குமா என்பது மட்டும் ஆன்டெனாவைப் பொருத்துபவரின் கையில் இருக்கிறது. அதை எங்கே வைப்பது, அதன் ஒயரை எந்த வழியாக உள்ளே கொண்டுவருவது என்பவைதான் இந்த வேலையின் சாரம்.

இச்சேவை இன்று பெரிய அளவில் நடப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும். அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் 1997இல் இதற்கான அலைவரிசைகளை ஏலம் விட்டது. எக்ஸ்எம் நிறுவனம் 2001 செப்டம்பரிலும், சீரியஸ் நிறுவனம் 2002இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. 2008 ஜூலையில் இரண்டும் இணைந்து சீரியஸ்எக்ஸ்எம் ஆயின. அங்கே இது வேரூன்றியதற்குக் காரணம் சாலைகளின் நீளம். குமரி மாவட்டத்து இராஜாக்கமங்கலத்திலிருந்து கிளம்பும் வண்டிக்கு, நாகர்கோவில் நிலையம் தேய்வதற்குள் திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ கிடைத்துவிடும். டெக்சாஸ், நெவாடா போன்ற மாநிலங்களின் வெறுஞ்சாலைகளில் ஒரு நிலையம் மறைந்து அடுத்தது கிடைக்கும்வரை நெடுநேரம் இரைச்சல்தான். செயற்கைக்கோள் வானொலியில் அந்தத் தொல்லை இல்லை. கிழக்குக் கரையில் வைத்த சேனலை மாற்றாமலே மேற்குக் கரை வரை போகலாம்.

தமிழ்நாட்டுக்கும் இது முற்றிலும் புதிதல்ல. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990இல் தொடங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம், 2000 மார்ச்சில் ஏசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளை ஏவி இந்தியாவுக்கு ஒலிபரப்பியது. அதில் தமிழுக்கென்று கே.எல். ரேடியோ இருந்தது. நிறுவனத்தின் விளம்பர முகமாக ஏ.ஆர். ரஹ்மான் இருந்தார். எக்ஸ்எம்மின் தொடக்கக்கால முதலீட்டிலும் வேர்ல்ட்ஸ்பேஸுக்குப் பங்கு உண்டு. 2008 அக்டோபரில் வேர்ல்ட்ஸ்பேஸ் திவால் பாதுகாப்பு கோரியது. 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியச் சேவை நின்றது. அந்த ரிசீவரை வைத்திருந்தவர்கள் அதன் சிறு ஆன்டெனாவைச் சன்னலிலோ மொட்டைமாடியிலோ வைத்து, கையால் திருப்பித் திருப்பித் திசை பிடித்ததை மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு அது போதும். ஓடுகிற காரில் நொடிக்கு நொடி திசை மாறுவதால் அது நடக்காது. அதனால்தான் காருக்கென்று தனி வகை ஆன்டெனா.

ஏசியாஸ்டார் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில் நின்றது. இராஜாக்கமங்கலத்திலிருந்து பார்த்தால் அது கிழக்கிலிருந்து சற்றே தெற்கு ஒதுங்கி, தொடுவானத்துக்கு மேல் ஏறக்குறைய 57 பாகை உயரத்தில் இருந்தது. இவ்வூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால்தான் அவ்வளவு உயரம். தமிழர்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சி நிலநடுக்கோட்டிலிருந்து 40 பாகை வடக்கே இருக்கிறது. எக்ஸ்எம்மின் கோள்கள் மேற்குத் தீர்க்கரேகை 85, 115 பாகைகளில் நிறுத்தப்பட்டன. நியூ ஜெர்சியிலிருந்து முதலாவது சுமார் 42 பாகை உயரத்திலும், இரண்டாவது சுமார் 28 பாகை உயரத்திலும் தென்படும். இரண்டும் தெற்கு, தென்மேற்குப் பக்கங்களில். சாலையின் தென்புறம் உயர்ந்த கட்டடமோ அடர்ந்த மரங்களோ இருந்தால் அலை மறைந்துவிடும். ஒன்று மறைந்தாலும் மற்றது கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் இரண்டு கோள்கள். அதோடு, ஒன்றிலிருந்து வரும் ஒலிபரப்பு மற்றதைவிட ஏறக்குறைய 4 நொடி பிந்தி வரும்படி அமைத்தார்கள். ரிசீவர் முந்தி வந்ததைச் சேமித்து வைத்து, பாலத்தின் கீழ் நுழையும்போது ஏற்படும் இடைவெளியைப் பிந்தி வருவதைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும். வானமே தெரியாத பெருநகரத் தெருக்களுக்குத் தரையிலேயே மறுஒலிபரப்புக் கோபுரங்கள் உண்டு.

இனி ஆன்டெனா. சாதாரண எஃப்எம் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதனால்தான் பழைய கார்களின் முன்பக்கத்தில் முழநீளக் கம்பி நின்றது. செயற்கைக்கோள் வானொலி 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையில் வருகிறது. இதன் அலைநீளம் 13 சென்டிமீட்டர். ஆகவே தீப்பெட்டி அளவு வில்லையே போதும். உள்ளே ஒரு பீங்கான் தகடு, அதன்மேல் உலோகப் பூச்சு, அடியில் வானொலி அலையைப் பெருக்கும் சிறு மின்சுற்று, அதற்கும் கீழே காந்தம். மின்சுற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை ரிசீவரே அதே ஒயர் வழியாக மேலே அனுப்பும். அலை சுழன்றுகொண்டே வருவதால் கார் எந்தத் திசையில் திரும்பினாலும் ஏற்பு மாறாது. வில்லை தட்டையாகக் கிடந்து மேலே பார்த்தால் போதும். திசை திருப்பும் வேலை இல்லை.

வைப்பதற்குச் சரியான இடம் இரும்புக் கூரையின் நடுப்பகுதி. எல்லாப் பக்கமும் வானம் தெரியும் இடம் அதுதான். கூரையின் தகடே ஆன்டெனாவின் கீழ்ப்பாதியாக வேலை செய்கிறது என்பது இன்னொரு காரணம். வில்லையைச் சுற்றி ஓர் அடிக்கு ஓர் அடியாவது தகடு இருக்க வேண்டும். கூரையின் எந்த ஓரத்திலிருந்தும் 3 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். நடைமுறையில் பலர் பின்கண்ணாடிக்கு மேலே, நடுவாக வைக்கிறார்கள். ஒயரை உள்ளே இறக்க அது வசதி. ஏற்பிலும் குறை வராது. சன்ரூஃப் கண்ணாடி, சாமான் வைக்கும் கேரியர் கம்பி, மற்ற ஆன்டெனாக்கள் ஆகியவற்றின் அருகே வைக்கக் கூடாது. டேஷ்போர்டின் மேல், கண்ணாடிக்கு உள்ளே வைப்பவர்களும் உண்டு. அங்கே பாதி வானத்தைக் கூரையே மறைத்துவிடும். தெற்கே போகும்போது பாடும், வடக்கே திரும்பினால் நின்றுவிடும்.

காந்தம் எல்லாக் கூரையிலும் ஒட்டாது. ஃபோர்டு எஃப்-150 டிரக்குக்கு 2015 மாடலிலிருந்து அலுமினிய உடல். கண்ணாடிக் கூரை வைத்த கார்களும் பெருகிவிட்டன. அலுமினியமானால் பசை நாடாவால் ஒட்டினால் போதும், தகட்டின் வேலையை அந்தக் கூரையே செய்துவிடும். கண்ணாடியோ ஃபைபரோ ஆனால் அடியில் ஓர் உலோகத் தகட்டை ஒட்டி அதன்மேல் வைக்க வேண்டும். துணிக்கூரைக் காருக்கு டிக்கி மூடியே இடம். எதுவானாலும் ஒட்டும் இடத்தைத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் வைக்க வேண்டும். காந்தத்துக்கு அடியில் மணல் சிக்கினால் பெயின்ட்டைக் கீறிவிடும்.

ஒயர் வேலையில் அவசரம் கூடாது. இருபது அடிக்கு மேல் நீளமுள்ள இந்த ஒயரின் நடுவே கம்பியும் அதைச் சுற்றி வலையும் இருக்கின்றன. இறுக்கி மடித்தாலோ, கதவில் சிக்கி நசுங்கினாலோ, வெட்டி ஒட்டினாலோ ஏற்பு தேய்ந்துவிடும். பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை மெல்லத் தூக்கி, ஒயரை அதன் அடியில் அமுக்கிக்கொண்டே கீழே வர வேண்டும். பிறகு டிக்கி மூடியின் ரப்பருக்கு அடியில் உள்ளே நுழைத்து, பின்சீட்டுக்குப் பின்னால் இறக்கி, கதவடியின் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி அதன் கீழே முன்பக்கம் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து கம்பள விரிப்புக்கு அடியில் டேஷ்போர்டுக்குப் போகும். ரப்பரில் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒயரைச் சற்றுத் தாழ்வாக வளைத்து விட்டால் மழைநீர் அதன் வழியே உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களில் ஏர்பேக் இருக்கும் கார்களில் அவ்வழியே ஒயரை இழுக்கவே கூடாது. விபத்தில் பை விரியும்போது அது தடுக்கும். மிஞ்சிய ஒயரை வெட்டாமல், உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வளையமாகச் சுற்றி, சீட்டுக்கடியில் கட்டி வைக்கலாம். பெடல்களின் பக்கமும் ஸ்டீயரிங் தண்டின் பக்கமும் ஒயர் தொங்கக் கூடாது.

ஒயரின் முனையை ரிசீவரில் சொருகும்போது கிளிக் என்ற சத்தம் கேட்க வேண்டும். ரிசீவரிலிருந்து காரின் ஒலிபெருக்கிக்கு ஒலியைக் கொண்டுபோகச் சிறந்த வழி ஆக்ஸ் ஒயர். அந்தத் துளை இல்லாத பழைய காரில், ரிசீவரே ஒரு குட்டி எஃப்எம் நிலையம்போல ஆளில்லாத அலைவரிசை ஒன்றில் அனுப்ப, கார் ரேடியோ அதைப் பிடிக்கும். இதில் தெளிவு குறைவு. பொருத்தி முடித்ததும் காரைத் திறந்தவெளியில் நிறுத்தி ரிசீவரை ஓடவிட்டு, அதன் அடையாள எண்ணைச் சேவை நிறுவனத்திடம் தர வேண்டும். 0 என்ற சேனலில் அந்த எண் தெரியும். சேவையைத் தொடங்கிவைக்கும் ஆணையும் செயற்கைக்கோள் வழியாகவே வருகிறது என்பதால் கொட்டகைக்குள் நிறுத்திவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

கோளாறு வந்தால் தேடும் வரிசை இது. திரையில் ஆன்டெனா இல்லை என்று வந்தால் சொருகலைப் பார்க்க வேண்டும். சொருகல் சரியென்றால் ஒயர் எங்காவது நசுங்கியிருக்கும். ஆன்டெனா இருந்தும் சிக்னல் இல்லையென்றால் இடத்தைப் பார்க்க வேண்டும்: மரத்தடியா, கொட்டகையா, கூரைமேல் ஈரப்பனி உறைந்து கிடக்கிறதா? ரிசீவரின் மெனுவில் செயற்கைக்கோளுக்கும் தரைக்கோபுரத்துக்கும் தனித்தனி அளவுகோல்கள் உண்டு. நகரத்தில் நன்றாகப் பாடி வெளியூரில் நின்றால், ஆன்டெனா செயற்கைக்கோளைப் பிடிக்கவில்லை, கோபுரத்தை வைத்தே ஓடியிருக்கிறது என்று பொருள். தூரிகை சுழலும் இயந்திரத்தில் காரைக் கழுவக் கொடுக்கும்முன் வில்லையை எடுத்துவிடுவது நல்லது.

கம்பெனியிலிருந்தே இவ்வசதியோடு வரும் கார்களில் வில்லை தெரியாது. கூரையின் பின்பக்கத்துச் சுறாத்துடுப்பு வடிவ மூடிக்குள் செயற்கைக்கோள் வானொலி, ஜிபிஎஸ், கைப்பேசி ஆன்டெனாக்கள் ஒன்றாக இருக்கும். ஒயர்கள் குழம்பாதிருக்க ஒவ்வொரு சொருகுக்கும் ஒரு நிறம். ஜிபிஎஸ்ஸுக்கு நீலம், செயற்கைக்கோள் வானொலிக்கு மசாலா மஞ்சள். இந்தியாவில் ஓடும் கார்களின் துடுப்புக்குள் இந்த வானொலி ஆன்டெனா வேலை செய்வதற்கில்லை. உதிரிக் கடைகளில் பசை ஒட்டி விற்கும் துடுப்புகள் பல வெறும் அலங்காரம்.

இராஜாக்கமங்கலம் துறையில் இதே நுட்பம் காரில் இல்லை, படகில் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டத்து மீனவர்களுக்குச் செல்பேசி வழியே எச்சரிக்கை போய்ச் சேர வழியில்லை. அதன்பின் 2019 அக்டோபரில் ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் ஜெமினி என்ற கருவியை வெளியிட்டது. ககன் செயற்கைக்கோள்கள் அனுப்பும் புயல், பேரலை, மீன்வளச் செய்திகளை வாங்கி, புளூடூத் வழியே படகிலுள்ள கைப்பேசிக்குத் தருகிறது. கேட்க மட்டும் முடியும், பேச முடியாது என்ற வகையில் இதுவும் ஒரு செயற்கைக்கோள் வானொலிதான். 2024 ஆகஸ்டில் நாடு முழுவதும் படகுகளுக்காகத் தொடங்கப்பட்ட ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர் திட்டம் ஜிசாட்-6 வழியாக இருவழிச் செய்திக்கும் இடம் தந்தது. காருக்குச் சொன்ன விதிகள் படகுக்கும் பொருந்தும்: ஆன்டெனா திறந்த வானத்தின் கீழ் இருக்க வேண்டும், வலைக்குவியலும் தார்ப்பாயும் அதை மூடக் கூடாது, சொருகில் உப்புநீர் ஏறக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பு வட அமெரிக்காவோடு முடிந்துவிடுகிறது. அந்த ரிசீவரை இராஜாக்கமங்கலத்தில் எந்தக் கூரைமேல் வைத்தாலும் பாடாது. பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டாம்.