நார்த்தாமலை முதல் கொடும்பாளூர் வரை

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குக் காரில் போய்வந்தவர்களைக் கேட்டால், வழியெல்லாம் பொட்டல், தட்டையான பூமி, பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள். அதே மண்ணில் சைக்கிள் மிதித்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். சாலை லேசாக உயரும், தொடை இறுகும். மேட்டில் ஏறி நிமிர்ந்தால் எதிரே ஒரு கண்மாய் விரிந்து கிடக்கும். அப்புறம் பெடலை மிதிக்காமலே இறங்கலாம். வயல் வரும், ஊர் வரும், கோயில் வரும், மறுபடியும் மேடு. கார்க்காரருக்குக் கண்ணிலேயே படாத இந்த மேடுகளில்தான் புதுக்கோட்டைச் சீமையின் வரலாறு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எனக்குப் பிடித்த வழி நார்த்தாமலையில் தொடங்கி, சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை, இலுப்பூர் என்று வளைந்து மேற்கே கொடும்பாளூரில் முடியும். பழக்கமுள்ளவர் ஒரே நாளில் மிதித்துவிடலாம். கோயில்களை நின்று பார்க்க இரண்டு நாள் வேண்டும். கியர் வண்டிதான் வேண்டும் என்பதில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில்தான் இதே மேடுகளை ஏறிப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நார்த்தாமலைக்கு வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். வண்டியை அடிவாரத்தில் பூட்டிவிட்டு மேலமலைப் பாறைமேல் நடந்தால் விஜயாலய சோழீச்சரம். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். பெயரில் சோழன் இருந்தாலும், இதை எடுப்பித்தவர் சாத்தன் பூதி என்ற சிற்றரசர் என்றும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்றும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மழைச் சேதத்தை அங்கேயே நின்று படிக்கும்போதுதான் இந்த நாட்டின் கணக்குப் புரிகிறது. மொட்டைப் பாறையில் விழும் மழை ஒரு சொட்டுகூட நிற்காது. வழிந்து வருவதைச் சுனையில் பிடிக்க வேண்டும், சுனை தப்பியதைக் குளத்தில் பிடிக்க வேண்டும். வற்றாத ஆறு பாயாத மேட்டுச் சீமையில் பிழைப்பதற்கு அது ஒன்றுதான் வழி.

அப்படிப் பிடித்த குளங்களின் வரிசையைத்தான் சாலை பின்தொடர்கிறது. ஒரு கண்மாய் நிறைந்தால், மிகுநீர் வழியும் கலிங்கு வழியாக அடுத்ததற்கு, அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதற்கு. நாம் ஏறுவது பல இடங்களில் ஒரு கரைமேல். இறங்குவது அதன் ஆயக்கட்டுக்குள். தண்ணீர் வற்றிய மாதங்களில் கண்மாயின் உள்வாயில் இரண்டு கல்தூண்கள் தனியாக நிற்பதைப் பார்க்கலாம். கோயிலின் மிச்சம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது குமிழித் தூம்பு. தூண்களுக்குக் குறுக்கே கற்பலகைகள், பலகையில் ஒரு துளை, அதற்குள் ஏறி இறங்கும் தண்டு. கீழே கல்தொட்டியின் மேல்மூடியில் இருப்பது நீரோடித் துளை, தரைமட்டத்தில் இருப்பவை சேறோடித் துளைகள். தண்டைத் தூக்கினால் மேலேயிருந்து தண்ணீரும் கீழேயிருந்து வண்டலும் சேர்ந்து வெளியேறும். வயலுக்கு நீரும் உரமும் ஒரே வழியில் போகும், குளமும் தூர்ந்துபோகாது. இந்த மாவட்டத்தில் சில தூம்புகளில், செய்துகொடுத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒருமுறை வண்டியைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கிப்போய், அப்படி ஒரு தூணைக் கையால் தடவிப் பார்த்தேன். தண்ணீர் நின்ற உயரம்வரை கல் வழவழவென்று இருந்தது. அதற்கு மேலே சொரசொரப்பு. எந்த அரண்மனையும் எனக்குக் கொடுக்காத மரியாதை உணர்வை அந்தக் கல் கொடுத்தது.

இதைப் பார்த்த கண்ணோடு சித்தன்னவாசலுக்குப் போக வேண்டும். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் மண்டபத்தின் விதானத்தில் தீட்டியிருப்பது ஒரு தாமரைக் குளம். மீன்கள், வாத்துகள், யானை, எருமை, தண்டோடு தாமரை பறித்து நிற்கும் ஆட்கள். சமண மரபில் அதற்கு வேறு பொருள் உண்டு. ஆனாலும் 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் இந்தக் கோயிலைப் புதுப்பித்தபோது வேலைசெய்த ஓவியர் எருமை தண்ணீரில் இறங்குவதை எங்கே பார்த்திருப்பார்? நாம் மிதித்துவந்த வழியில் இருந்ததைப் போன்ற ஒரு குளத்தில்தான். குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டம். அங்கே துறவிகள் படுத்த 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணைபோலச் சற்று உயர்த்தி, தேய்த்து மெருகேற்றியவை. ஒன்றில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து. மிதித்துக் களைத்த உடம்போடு பார்க்கிறவருக்கு அந்தப் படுக்கையின் கடினமும் குளிர்ச்சியும் தொடாமலே தெரியும்.

இனிச் சொல்லப்போவது கோயில் இல்லை. ஆனால் இந்த வழியில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது அதுதான். அன்னவாசல் பக்கம் ஒரு டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா, என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எங்கேருந்து மிதிச்சு வர்றீக தம்பி?” என்று கேட்டார். சொன்னேன். “நாங்களும் ஒரு காலத்துல மிதிச்சவுகதான். பார் வச்ச ஆம்பள வண்டிதான் எனக்குத் தோது. முன்னாடி பார்ல புள்ளய வச்சுக்கலாம், பின்னாடி கேரியர்ல குடத்தக் கட்டிக்கலாம்” என்றார்.

அவர் சொன்ன காலத்தின் கதை இது. 1991இல் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர்கள் என்று பலரும் சைக்கிள் கற்றார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் வண்டி தட்டுப்பாடானபோது ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். அந்த பாரில் குழந்தையை உட்காரவைக்க முடிந்ததால் அதையே விரும்பியவர்களும் உண்டு. அதுவரை பஸ்ஸுக்கோ, அப்பாவுக்கோ, புருஷனுக்கோ காத்துக் கிடந்தவர்கள் தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் தாங்களே போனார்கள். தெருவில் கேலி பேசியவர்களையும் தாண்டித்தான் போனார்கள். உல்லாசத்துக்காக மிதிக்கும் என்னைப் போன்றவர்கள் இந்தச் சாலையில் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்.

குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டைப் பார்க்காமல் வரக் கூடாது. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் கிரந்த எழுத்தில் சுரங்களை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள், மாணவர்களின் நன்மைக்காக என்ற குறிப்போடு. அங்கிருந்து இலுப்பூர் வழியாகக் கொடும்பாளூர் போகும்போது கவனம் வேண்டும். கல் ஏற்றிய லாரிகள் குறுகலான சாலையில் வரும். சில இடங்களில் இருபுறமும் தைலமரம். நிழலும் இல்லை, பறவைச் சத்தமும் இல்லை. குளத்துக்கு வர வேண்டிய தண்ணீரை அந்த மரம் குடித்துவிடுகிறது என்று ஊர்க்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். வரத்து வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போகிற எனக்கு அவர்கள் பேச்சு நியாயமாகவே படுகிறது.

கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி என்ற சிற்றரசர் தன் பெயராலும் தன் இரு தேவியர் பெயராலும் எடுத்த மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்கள்தான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். ஆனால் இந்த ஊர் அந்தக் கோயிலைவிட மூத்தது. உறையூரைவிட்டுத் தெற்கே நடந்த கோவலனுக்கு, மாங்காட்டு மறையவன் வழி சொல்லும் இடம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கொடும்பை என்ற இந்தக் கொடும்பாளூரின் குளத்தை அடைந்தால் பாதை மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் சிறுமலை, இடப்பக்கம் போனால் திருமால் குன்றம், நடுவே ஒன்று என்று ஒவ்வொன்றிலும் என்ன வரும் என்று விரிவாகச் சொல்கிறான். மதுரைக்கு வழி சொல்லும்போதும் அவன் அடையாளமாகக் காட்டியது ஒரு குளத்தை. இன்று திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை அதே ஊரை ஒட்டித்தான் போகிறது, அதில் போகிறவர்கள் பெரும்பாலும் நிறுத்துவதில்லை.

மார்கழி, தை மாதங்களில் போங்கள். மழை பெய்த வருஷமாக இருந்தால் கண்மாய்களில் தண்ணீர் இருக்கும். இருட்டு விலகும்போதே கிளம்புங்கள், இரண்டு பாட்டில் தண்ணீர் போதாது, நான்கு வையுங்கள். மாவட்ட நிர்வாகத்திடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நார்த்தாமலையிலும் சித்தன்னவாசலிலும் வாடகை சைக்கிள் கிடைக்கச் செய்யுங்கள், காலை நேரத்தில் கல் லாரிகளை இந்தச் சாலையிலிருந்து விலக்கிவையுங்கள். அரசர்கள் பெயரைச் சொல்லும் பலகைகளுக்குப் பக்கத்தில், 1991இல் இதே சாலையில் சைக்கிள் கற்ற பெண்களைப் பற்றியும் ஒரு பலகை வையுங்கள். அவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அதில் என்ன எழுத வேண்டும் என்று அவர்களையே கேட்கலாம்.