கடலில் ஒரு குடித்தனம்

பஸிபிக் மகா சமுத்திரத்தின் படத்தை மேஜையின் மேல் விரித்துப் பார்த்தால், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே யாரோ கைதவறி மிளகைக் கொட்டியது போலச் சில புள்ளிகள் தெரியும். அவைதான் பிஜித் தீவுகள். மொத்தம் 300-க்கு மேல். ஜனங்கள் குடியிருப்பவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. அங்கே கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற நம் ஸ்திரீகளை நினைத்துப் பாரதியார் பாடிய பாட்டைத் தெரியாத தமிழ் வீடு உண்டா?

ஆனால் இன்று நான் எழுத வந்தது முதலில் வேறு ஒரு வகைப் பிரயாணிகளைப் பற்றி. இவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அல்லர். வீட்டுக்கே பாய் கட்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள்.

வருஷந்தோறும் மே, ஜூன் மாதங்களில் நியூஸிலாந்திலிருந்து சிறு பாய்க்கப்பல்கள் வடக்கு நோக்கிக் கிளம்புகின்றன. பிஜிக்குச் சுமார் 1,100 கடல் மைல். காற்று அனுகூலமாக இருந்தால் எட்டு முதல் பத்து நாள் ஆகும். பெரும்பாலும் ஒரு கப்பலுக்கு இரண்டே பேர், கணவனும் மனைவியும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையில் அந்தக் கடலில் புயல் காலம். ஆகையால் அக்டோபர் முடிவதற்குள் பலர் திரும்பிவிடுவார்கள். நடுவில் உள்ள ஐந்து மாதங்கள் தீவு தீவாகச் சுற்றும் சஞ்சார வாழ்க்கை.

2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், வானுவா லெவு என்ற பெரிய தீவில் உபாத்தியாயராக இருந்த என் மைத்துனர் வீட்டில் சில வாரங்கள் தங்கினேன். அத்தீவின் தென்கரையில் ஸாவுஸாவு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஒரே ஒரு கடைவீதி. அதன் ஒரு புறம் தென்னை மலை, மறு புறம் கடற்கழி. கரையருகே பூமியிலிருந்து வெந்நீர் ஊற்றுக்கள் கொதித்துக்கொண்டு வருகின்றன. ஊரார் கிழங்கை மூட்டை கட்டி அதில் இறக்கி வைத்துவிட்டு ஊர்வம்பு பேசுகிறார்கள். கிழங்கு தானே வெந்துவிடுகிறது! விறகுக்குச் செலவில்லாத அடுப்பை அங்கேதான் பார்த்தேன்.

அந்தக் கழியில் நின்ற கப்பல்களில் ஒன்றில், அறுபது வயதைத் தாண்டிய நியூஸிலாந்துத் தம்பதிகள் குடித்தனம் நடத்தினார்கள். கணவர் மின்சாரப் பொறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். என் மைத்துனர் மூலம் பழக்கமாகி, நானும் அவர்கள் கப்பலுக்குப் போய்வரலானேன்.

கப்பல் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். முப்பத்தாறு அடி நீளம். நம் வீட்டுக் கூடம் ஒன்றை இழுத்து மெலிய வைத்தால் அவ்வளவுதான் இருக்கும். அதற்குள் சமையல் அடுப்பு, படுக்கை, புஸ்தக அலமாரி, மருந்துப் பெட்டி, மூன்று மாதத்துக்குச் சாமான்கள். ஆடினாலும் பாத்திரம் கவிழாதபடி அடுப்பே தொட்டில் போல் ஊசலாடுகிறது. தண்ணீரை அளந்துதான் செலவிட வேண்டும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவிவிட்டுக் கடைசியில் ஒரு குவளை நல்ல நீர். நடுக்கடலில் இரவு பகலாக மூன்று மணிக்கு ஒருவர் முறை வைத்து விழித்திருக்க வேண்டும். "நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். கடலில் போகும் போது மட்டும் ஒருவர் எழுந்தால் மற்றவர் தூங்கப் போய்விடுவார். அதனால்தான் சண்டையே இல்லை" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

நான் பழகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவர்கள் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்துவிட்டது. பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துபவை கம்பி வடங்கள். ஒவ்வொரு வடத்தையும் கப்பலின் உடலோடு பூட்டுவதற்கு ஓர் எஃகுப் பட்டை உண்டு. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்லும் உலோகம், காற்றுப் படும் வரையில்தான் அந்தப் பெயரைக் காப்பாற்றும். தளத்துக்கு அடியில் காற்று நுழையாமல் உப்புநீர் தேங்கும் இடத்தில் அது வெளியில் தெரியாமலே அரிக்கப்படுகிறது. கப்பல்காரர் ஒரு பட்டையைச் சந்தேகப்பட்டுக் கழற்றினார். பார்த்தால், மயிரிழை போல ஒரு விரிசல்! நடுக்கடலில் அது அறுந்திருந்தால் மரமும் பாயும் ஒரே நிமிஷத்தில் தண்ணீரில் விழுந்திருக்கும்.

ஆக்லாந்திலிருந்து புதுப் பட்டை தருவிக்கலாம். ஆனால் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. புயல் காலமோ நமக்காகக் காத்திராது.

கடைசியில் அவர்கள் போய் நின்ற இடம், கடைவீதிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்த ஒரு வெல்டிங் பட்டறை. பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பாட்டனாரின் தகப்பனார் வட ஆற்காட்டிலிருந்து வந்தவராம். தமிழில் "வாங்க, உட்காருங்க" என்ற இரண்டு சொற்களும் முருகன் பெயரும் மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தன. மற்றப் பேச்செல்லாம் அத்தீவின் ஹிந்தியும் இங்கிலீஷும்தான். என்னை "மாஸ்டர்ஜி" என்று அழைத்தார்.

"இந்த விரிசலை ஒட்டித் தர முடியுமா?" என்று கப்பல்காரர் கேட்டார்.

பட்டறைக்காரர் பட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "முடியும். ஆனால் ஒட்டமாட்டேன். ஒட்டினால் கரையில் நிற்கும், கடலில் நிற்காது. மொத்தம் எத்தனை பட்டை?"

"ஆறு."

"ஆறுக்கும் ஒரே வயசுதானே? ஒன்று போனால் மற்ற ஐந்தையும் எப்படி நம்புவது? ஆறையும் புதிதாகச் செய்துவிடலாம்."

உயர்ந்த ரக எஃகுத் தகட்டைத் தலைநகரான ஸுவாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். பதினோரு நாள் அறுத்தும், துளைத்தும், தேய்த்தும் வேலை நடந்தது. கண்ணாடி போல மெருகு ஏற்றியதைக் கண்டு, "அழகு எதற்கு? உள்ளேதானே இருக்கப் போகிறது" என்றேன். "அழகுக்கு அல்ல, மாஸ்டர்ஜி. சொரசொரப்பான இடத்தில் உப்பு உட்காரும்" என்றார். பட்டறைக்காரரின் தாயாருக்கு நீரிழிவு. காலில் ஆறாத புண். அந்த நாட்களில் அந்த அம்மாள் தினந்தோறும் காலையில் பட்டறைக்குப் பின்புறமிருந்த வீட்டுக்குப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு வந்தார். கூலிக் கணக்கில் இது சேரவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கும் போது இரு பக்கமும் அதை மறக்கவில்லை.

பட்டைகளைப் பூட்டிய பின், சோதனை ஓட்டமாக வளைகுடாவின் எதிர்க்கரையில் உள்ள ஒரு கிராமத்துக்குப் போவதென்று ஏற்பாடாயிற்று. பட்டறைக்காரரையும் என்னையும் அழைத்தார்கள். எனக்குக் கிடைத்த உத்தியோகம், காற்றடிக்கும் பக்கத்தில் பாரமாக உட்கார்ந்திருப்பது. அதை ஒழுங்காகவே செய்தேன். பட்டறைக்காரர் கடலையோ மலையையோ திரும்பிப் பார்க்கவில்லை. கப்பல் சாயும் போதெல்லாம் குனிந்து தம் பட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கரையை நெருங்கும் போது அந்த அம்மாள் அணியத்தில் போய் நின்றார். பவழப்பாறைகளுக்கு நடுவே போகிறவர்கள் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, உச்சி வேளையை ஒட்டித்தான் போவார்கள். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு நிறம் பாறை. 1884-ஆம் வருஷம் மே மாதம் 'ஸிரியா' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வந்து, ஸுவாவுக்கு அருகில் நஸிலாய் பாறையில் மோதி உடைந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தக் கதையைப் பட்டறைக்காரர் சொன்னது, பழுப்பு நிறம் இரு பக்கமும் தெரிந்த அந்த நேரத்தில்தான்.

நங்கூரம் இறக்கியதும் நேரே கடலில் குதித்து நீந்தலாம் என்று நினைத்தால் தவறு. பிஜியில் கரையோரக் கடலில் மீன்பிடிக்கும் பாத்தியதை அந்தந்தக் குலத்தாருக்கு உண்டு. அதற்கு 'இங்கோலிங்கோலி' என்று பெயர். ஸர்க்கார் கொடுத்த அனுமதிச் சீட்டு கையில் இருந்தாலும், முதலில் கிராமத்துக்குப் போய் உத்தரவு கேட்க வேண்டும். இதற்கு 'ஸெவுஸெவு' என்று பெயர். இடுப்பில் 'ஸுலு' என்ற வேஷ்டியைச் சுற்றிக்கொண்டு, தொப்பியையும் குளிர்க்கண்ணாடியையும் கழற்றிவிட்டு, 'யங்கோனா' என்ற மிளகுக் குடும்பத்துச் செடியின் உலர்ந்த வேர்க்கட்டு ஒன்றைக் கையில் ஏந்திப் போனோம். கிராமத் தலையாரி எங்களைப் பெரியவரிடம் அழைத்துச் சென்றார். பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து வேர்க்கட்டை முன்னால் வைத்தோம். பெரியவருக்காக ஒருவர் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டு நீண்ட வாழ்த்துச் சொன்னார். எல்லோரும் உள்ளங்கையைக் குழித்துக் கைதட்டினார்கள். நம் வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டினால் பேச்சு முடிந்துவிடுவது போல அங்கே வேர்க்கட்டு.

பின்பு அந்த வேரின் பொடியை நீரில் பிசைந்து, சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். மண்ணின் வாசனை, மிளகின் காரம். நாக்கு மரத்துப் போகிறது. ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். குடித்தேன்!

"இனி இந்தக் குடாவில் உங்களுக்கு ஏதாவது ஆபத்து என்றால் அது எங்கள் பொறுப்பு" என்று தலையாரி விளக்கினார். "சிலர் கேட்காமலே நங்கூரம் போட்டு மீன் பிடித்துப் போகிறார்கள். கேட்டால் நாங்களே கொடுப்போமே!" அவர் பட்டறைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். கிராமத்துப் படகின் உடைந்த எஞ்ஜின் தாங்கியை முன்பு சரிசெய்து கொடுத்தவர் இவர்தானாம்.

கடலில் ஓடுவது அந்த ஜனங்களுக்கு யாரும் கற்பித்த வித்தையல்ல. கிழக்கே உள்ள லாவ் தீவுகளில் வைரம் பாய்ந்த 'வெஸி' மரத்தால் இரட்டை உடல் கொண்ட 'ந்ருவா' என்ற பெரிய பாய்க்கலங்களைக் கட்டினார்கள். தோங்கா நாட்டுப் பிரபுக்கள் கூட அங்கே வந்து கலம் கட்டிக்கொண்டு போனதுண்டு. 1913-ஆம் வருஷம் கட்டிய ஒன்று ஸுவா காட்சிசாலையில் இருக்கிறது. இன்று உல்லாசக்காரர்கள் ஓட்டும் இரட்டைக் கப்பல்களுக்கு இங்கிலீஷில் வழங்கும் 'கட்டமரான்' என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. பெயர் நம்முடையது, இரட்டை உடல் பஸிபிக் ஜனங்களுடையது.

அன்றிரவு கப்பல் தளத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். 2016-ஆம் வருஷம் பிப்ரவரி 20-ந் தேதி 'வின்ஸ்டன்' என்ற புயல் மணிக்கு 280 கிலோ மீட்டர் வேகத்தில் பிஜியைத் தாக்கியது. 44 பேர் இறந்தார்கள். தெற்கே உள்ள கோரோ தீவில் கிராமங்கள் தரைமட்டமாயின. ஸாவுஸாவுக் கழியில் நின்ற கப்பல்கள் பல கரையில் தூக்கி எறியப்பட்டன. அதற்கு முந்திய வருஷந்தான் இந்தத் தம்பதிகள் கோரோவில் ஒரு கிராமத்தில் வேர்க்கட்டு வைத்து விருந்து சாப்பிட்டிருந்தார்கள். புயலுக்குப் பின் மறுபடியும் போனபோது, ஆணியும் ரம்பமும் கூரைத் திருகாணியும் கொண்டு போனார்கள். கணவர் மின்சார இயந்திரத்தைப் பழுது பார்த்தார். மனைவி புண்களுக்கு மருந்திட்டார். இப்படி நிவாரணம் சுமந்த சிறு கப்பல்கள் அந்த வருஷம் பல. "விருந்து சாப்பிட்ட ஊர் அல்லவா?" என்றார் அந்த அம்மாள். வேறு காரணம் சொல்லவில்லை.

பட்டறைக்காரர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு தம் கதையைச் சொன்னார். 1879 முதல் 1916 வரையில் 60,000-க்கு மேற்பட்ட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோனார்கள். 1903-க்குப் பிறகு சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. ஒப்பந்தம் தீர்ந்தவர்களில் பலர் பிஜியர்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு பயிரிட்டார்கள். லம்பாஸா ஆலைக்கு அருகில் இவர் குடும்பமும் அப்படித்தான் இருந்தது. 1997 முதல் அக்குத்தகைகள் ஒவ்வொன்றாக முடிவடைந்தன. பல நிலக்காரர்கள் புதுப்பிக்க இணங்கவில்லை. நிலம் அவர்களுடையது, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் மூன்று தலைமுறை உழுத வயலையும், நட்ட மாமரத்தையும் விட்டு இவர் தகப்பனார் மலையைத் தாண்டி ஸாவுஸாவுக்கு வந்தார். மகன் வெல்டிங் கற்றுக்கொண்டான்.

"இவர்கள் உத்தரவு கேட்கிறார்கள், கிடைக்காவிட்டால் பாயை விரித்து அடுத்த குடாவுக்குப் போகலாம். நாங்களும் கேட்டோம், மாஸ்டர்ஜி" என்றார். கப்பல்காரர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதில் இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் கடைசியில் கப்பல் தெற்கே புறப்பட்டது. நான் ஊர் திரும்பிய பின், நவம்பர் நடுவில் அவர்களிடமிருந்து செய்தி வந்தது. வழியில் இரண்டு நாள் கடுங்காற்று அடித்ததாம். பட்டைகள் ஆறும் அசையவே இல்லையாம். பட்டறைக்காரரின் தாயாருக்குப் புண் ஆறிவிட்டதா என்றும் விசாரித்திருந்தார்கள்.

கடலில் குடித்தனம் நடத்துகிறவர்களைப் பார்த்து, 'ஆகா, என்ன சுதந்திரம்!' என்று நாம் வியக்கிறோம். உண்மைதான். ஆனால் கிராமத்தார் குடாவைக் கொடுக்காவிட்டால் நங்கூரம் இல்லை. தகரக் கொட்டகைக்காரர் உள்ளே மறைந்திருக்கும் பட்டையையும் மெருகேற்றித் தராவிட்டால் பாய்மரம் இல்லை. அந்தக் கொட்டகைக்காரருக்கோ சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஓர் ஏர் நிலமும் இல்லை. அடுத்த முறை ஸாவுஸாவுக்குப் போகிறவர்கள் வெந்நீர் ஊற்றைப் பார்க்கட்டும். கழியில் நிற்கும் வெள்ளைப் பாய்களையும் பார்க்கட்டும். பார்த்துவிட்டுக் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பட்டறைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். "வாங்க, உட்காருங்க" என்று தமிழிலேயே வரவேற்பார்.