வாடகை வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு... யாருக்கு இருக்கு?

வேலூர் மாவட்டம், ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. ஜவ்வாது மலையிலிருந்து ஆடுகளை ஏற்றிவரும் குட்டியானை, திரும்பும்போது பெரும்பாலும் காலியாகப் போவதில்லை. மளிகை மூட்டைகளோடு ஆட்களும் ஏறிக்கொள்கிறார்கள்.

பீஞ்சமந்தைப் பக்கம் சாமையும் ஆடுமாகப் பிழைக்கும் விவசாயி ஒருவர், மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்த்துவர வண்டி தேடினார். உறவுக்காரர்கள் 12 பேர், போக வேண்டியது வேலூருக்கு. சந்தையில் பழகிய குட்டியானை ஓட்டுநர், "வேன் எதுக்கு மாமா? தார்ப்பாய் விரிச்சி நானே கூட்டிட்டுப் போறேன். வாடகை பாதிதான், இன்சூரன்ஸும் இருக்கு" என்றார்.

விவசாயிக்கு மனம் ஒப்பவில்லை. 2022 ஏப்ரல் 2-ம் தேதி, இதே ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் பக்கம் சேம்பரை கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன மினி சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். "இருக்குன்னா யாருக்குப்பா இருக்கு?" என்று கேட்டார். ஓட்டுநரிடம் பதில் இல்லை.

அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சாலையில் ஓடும் எல்லா வண்டிக்கும் 'தேர்டு பார்ட்டி' காப்பீடு கட்டாயம். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய ஆள், ஓட்டுநர் பக்கத்தில் கேபினில் உட்கார்ந்து போனால் அந்தக் காப்பீடு அவருக்கும் பொருந்தும். பின்னால் ஏறியவர்களுக்குப் பொருந்தாது. 2004-ல் பல்ஜித் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 'முதலில் காப்பீட்டு நிறுவனம் கட்டட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்' என்று நீதிமன்றம் உத்தரவிடுவதும் உண்டு. ஆனால், அதை நம்பி வண்டி ஏற முடியாது. டிராக்டர் டிரெய்லரில் ஆள் ஏற்றுவதும் இதே கதைதான்.

அடுத்து, பங்காளி ஒருவரின் கார் பேச்சுக்கு வந்தது. வெள்ளை போர்டு, அதாவது 'ஓன் போர்டு'. பணம் வாங்காமல் கூட்டிப்போனால் சிக்கல் இல்லை. வாடகை என்று பணம் கைமாறினால், 'வாடகைக்கு விடக் கூடாது' என்ற பாலிசி நிபந்தனையை மீறியதாகிவிடும். கார் நொறுங்கினால் இழப்பீடு கிடைப்பது கடினம். தேர்டு பார்ட்டி மட்டும் போட்ட சொந்த கார் என்றால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதில் பாதுகாப்பே கிடையாது.

"மாமா, வேலூர்ல ரெண்டு செல்ஃப் டிரைவ் கார் எடுத்துடலாம். நானும் தம்பியும் ஓட்டுறோம்" என்றான் அக்கா மகன். அப்படி வாடகைக்கு விடும் காருக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சேதமானால் நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், டயர், கண்ணாடி, அடிப்பாகம் அதில் சேருமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படிக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டினாலோ, உரிமம் இல்லாதவர் ஓட்டினாலோ சேதத்துக்குக் காப்பீடு கைகொடுக்காது. பாலிசியில் 'உரிமையாளர்-ஓட்டுநர்' என்று வரும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, ஆர்.சி புத்தகத்தில் பெயர் உள்ளவருக்குத்தான். வாடகைக்கு எடுத்து ஓட்டுபவருக்கு அது சேராது.

கடைசியில் அவர் பேசியது மஞ்சள் போர்டு வேன். பெர்மிட்டில் உள்ள இருக்கைகளுக்குக் கணக்கிட்டுத்தான் அதற்குப் பிரீமியம் கட்டப்படுகிறது. இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றினால் அங்கேயும் தகராறுதான். வாடகை இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் பணத்துக்கு ஒரு கிடாவை விற்றார்.

வண்டி பேசும் முன் இவற்றைப் பாருங்கள்:

போர்டின் நிறம் என்ன? ஆர்.சி-யில் எத்தனை இருக்கை? பாலிசி எந்தத் தேதி வரை? எஃப்.சி, பெர்மிட் நடப்பில் உள்ளதா? ஓட்டுநர் உரிமம் அந்த வகை வண்டிக்கானதா? வண்டி எண்ணை 'எம்-பரிவாகன்' செயலியில் போட்டால் காப்பீடு, எஃப்.சி தேதிகள் தெரிந்துவிடும்.

இதோடு, எந்த வண்டியில் ஏறினாலும் கூடவே வரும் காப்பீடு ஒன்று இருக்கிறது. வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள், 'பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா' திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டிச் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் பிரீமியம் எடுக்கப்படும்; அப்போது கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.