வேலிக்கு வெளியே ஒரு வரிசை

விடுமுறை நாளில் பெரிய பொழுதுபோக்குப் பூங்காவின் வாசலில் கார்கள் ஊர்ந்துகொண்டிருப்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: கூட்டம் அதிகம், இடம் குறைவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டத்தைச் சமாளிப்பதில் உலகத்திலேயே தேர்ந்தவர்கள் யார் என்று கேட்டால் இந்தப் பூங்காக்களை நடத்துபவர்களைத்தான் கை காட்ட வேண்டியிருக்கும். எந்த ரைடில் மணிக்கு எத்தனை பேர் ஏறி இறங்க முடியும், வரிசையை எங்கே மடக்கினால் அதன் நீளம் கண்ணில் படாது, நிற்பவர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் எதை வேடிக்கை காட்டுவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1999இல் டிஸ்னி பூங்காக்களில் ஃபாஸ்ட்பாஸ் என்ற முறை வந்தது. கால் கடுக்க நிற்க வேண்டாம், சீட்டில் அச்சிட்ட நேரத்துக்கு வந்தால் போதும் என்றார்கள். மனிதர்களின் நேரத்தையே பங்கிட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களின் சாமர்த்தியம் மதில் சுவரோடு நின்றுபோய், வெளியே ரோட்டில் மட்டும் யார் முந்துகிறாரோ அவர் பாடு என்று ஆகிவிடுவது எப்படி? இடப் பற்றாக்குறை இதற்குப் பதிலாகாது. உள்ளே நீளும் வரிசையால் பூங்காவுக்கு நஷ்டம். வெளியே நீளும் வரிசையால் நஷ்டமில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் ரைடுக்காக நிற்பவர் அந்த ஒரு மணி நேரமும் கடையில் பொம்மை வாங்குவதில்லை, ஓட்டலில் சாப்பிட உட்காருவதில்லை. அதனால் உள்ளே வரிசையைக் குறைக்க மூளையும் பணமும் செலவழிப்பது வியாபாரத்துக்கு நல்லது. வாசலுக்கு அரை மைல் தூரத்தில் காருக்குள் முடங்கியிருப்பவரின் கதை வேறு. அவர் டிக்கெட்டை முன்பே எடுத்துவிட்டார். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் திரும்பிப் போகலாம் என்று சொல்லும் துணிச்சல் எந்தத் தகப்பனுக்கும் கிடையாது. எவ்வளவு எரிச்சல் பட்டாலும் அவர் உள்ளே வந்தே தீருவார், பார்க்கிங் கட்டணத்தையும் கட்டிவிட்டுத்தான் வருவார். முகூர்த்த நாளில் தெருவே அடைத்துக்கொண்டு நின்றாலும் கல்யாண மண்டபத்துக்காரருக்கு வாடகை குறைவதில்லை, அது போலத்தான். நெரிசலின் செலவை ஏற்பவர்கள் வருகிறவர்கள், பக்கத்துத் தெருவாசிகள், நகராட்சி ஆகிய மூவர். திட்டம் போடும் இடத்தில் இவர்களில் ஒருவரும் உட்கார்ந்திருப்பதில்லை.

இதற்கு முழு உதாரணம் கலிபோர்னியாவில் அனஹைம் நகரத்து டிஸ்னிலேண்ட். 1953இல் பூங்காவுக்கு இடம் தேடும் வேலையை வால்ட் டிஸ்னி ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைத்தார். அங்கிருந்த ஹாரிசன் பிரைஸ் என்ற நிபுணர் மக்கள்தொகை எந்தப் பக்கம் பெருகும், புதிய நெடுஞ்சாலை எங்கே வரும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, சாண்டா அனா ஃப்ரீவேக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த 160 ஏக்கரைக் காட்டினார். அதில் சுமார் 100 ஏக்கர், 12,000 கார்கள் நிற்பதற்கான தார்த் தரையாகிவிட்டது. பூங்காவைவிடப் பார்க்கிங் பெரிது! 1955 ஜூலை 17, திறப்பு விழா நாள். போலி டிக்கெட்டுகளும் சேர்ந்துகொள்ள, அழைத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கூட்டம் திரண்டது. ஃப்ரீவேயில் ஏழு மைல் நீளத்துக்குக் கார்கள் நின்றதாகச் சொல்வார்கள். அந்த ரோட்டில் வெந்து வந்து சேர்ந்த குழந்தைகளுக்கு உள்ளே காத்திருந்த ரைடுகளில் ஒன்று ஆட்டோபியா. குட்டிக் கார்களை ஒரு குட்டி ஃப்ரீவேயில் ஓட்டலாம்! இதைவிடப் பெரிய வேடிக்கை, வால்ட் டிஸ்னி ரயில் பைத்தியம் என்பது. வீட்டுத் தோட்டத்திலேயே சின்ன ரயில் ஓட்டியவர் அவர். பூங்காவைச் சுற்றி நீராவி ரயில் விட்டார், 1959இல் மோனோரயிலும் விட்டார். அந்த மோனோரயில் 1961இல் பக்கத்து டிஸ்னிலேண்ட் ஓட்டல் வரை நீண்டது, பொது ரயில் நிலையம் எதையும் இன்றுவரை எட்டவில்லை. அதே 1961இல்தான் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தை இணைத்த பசிஃபிக் எலெக்ட்ரிக் கம்பெனியின் சிவப்பு டிராம்களில் கடைசி வண்டியும் நின்றது.

பொழுதுபோக்குப் பூங்கா என்றால் காரும் நெரிசலும் கூடவே பிறந்தவை என்று நினைப்பது தவறு. அமெரிக்காவில் இந்தத் தொழில் வளர்ந்ததே டிராம் கம்பெனிகளால். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் காலியாக ஓடக் கூடாது என்று, பாதை முடிகிற இடத்தில் ராட்டினமும் நடன மேடையும் வைத்தார்கள். நியூயார்க்கின் கோனி ஐலண்டுக்கு 1920இல் ஐந்து சென்ட் கட்டணத்தில் சப்வே ரயில் போக ஆரம்பித்ததும் கோடைக்கால ஞாயிறுகளில் லட்சக்கணக்கான ஜனங்கள் இறங்கினார்கள். நெரிசல் இருந்தது, ஆனால் அது மனித நெரிசல். ஆளுக்கு இரண்டு டன் இரும்பைக் கூடவே இழுத்துக்கொண்டு யாரும் வரவில்லை. கோபன்ஹேகனில் 1843இல் திறந்த டிவோலி இன்றும் நகரத்தின் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்தால் வாசல்.

ரயில் பழங்காலத்துச் சமாசாரம், கார் வந்த பிறகு அதெல்லாம் நடக்காது என்பார்கள். டிஸ்னியின் சொந்தப் பெயரில் நடக்கும் மற்ற பூங்காக்களே இதற்குப் பதில். டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983இல் திறந்தபோது அதன் வாசலில் ரயில் கிடையாது. தள்ளியிருந்த ஒரு நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 1988 டிசம்பரில் மைஹாமா நிலையம் வந்தது, வாசல் நடக்கிற தூரம் ஆயிற்று. பாரிஸுக்குப் பக்கத்தில் இன்னொன்று கட்ட 1987இல் ஒப்பந்தம் போட்டபோது, புறநகர் ரயிலைப் பூங்கா வாசல் வரை நீட்டுவது அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தது. 1992 ஏப்ரலில் பூங்காவும் ரயிலும் ஒரே மாதத்தில் வந்தன. 1994இல் அதிவேக ரயிலும் அங்கே நின்றது. ஒரே பெயர், ஒரே எலி, வேறு வேறு முடிவு. மக்களின் குணமோ காரின் மகிமையோ இந்த வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. எதற்குத் திட்டம் போட்டு எதில் கையெழுத்திட்டார்கள் என்பதுதான் உண்டாக்கியது.

அனஹைம் நகரம் எதில் கையெழுத்திட்டது? 1990களில் டிஸ்னி அந்தப் பழைய தார்த் தரையின் மேலேயே இரண்டாவது பூங்காவைக் கட்டத் தீர்மானித்தது. நகராட்சி 1997இல் 51 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, சாலைகளை அகலமாக்கி, மரம் நட்டு, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் நிற்க ஒரு பல மாடிப் பார்க்கிங் கட்டடமும் எழுப்பியது. கட்டடத்துக்கு மட்டும் சுமார் 11 கோடி டாலர். டிஸ்னி அதற்குத் தரும் வாடகை வருஷத்துக்கு ஒரு டாலர் என்றும், கட்டண வசூல் முழுவதும் டிஸ்னிக்கே போகிறது என்றும் 2017இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் விவரமாக எழுதியது. கோபித்துக்கொண்ட டிஸ்னி அந்தப் பத்திரிகையின் விமர்சகர்களைத் தன் சினிமாக் காட்சிகளுக்குக் கொஞ்ச நாள் அனுமதிக்கவில்லை. பூங்காவால் பெருகும் வரி வருமானத்திலிருந்துதான் கடன் அடைகிறது, நகரத்துக்கு இழப்பில்லை என்பது அப்போது டிஸ்னி தரப்பு சொன்ன நியாயம். அது உண்மையாகவே இருக்கட்டும். பிரான்சில் பொதுப்பணம் தண்டவாளமாயிற்று, அனஹைமில் கார் நிற்கும் மாடிகளாயிற்று என்பதும் உண்மை. 1955இல் 25 சென்ட்டாக இருந்த பார்க்கிங் கட்டணம் 2017இல் 20 டாலர், பிறகு 35 டாலரையும் தொட்டது. கார் வருவது பூங்காவுக்கு ஒரு வருமானம் என்று ஆன பிறகு, கார் குறைய வேண்டும் என்று அது ஏன் நினைக்கப் போகிறது?

சரி, இன்னும் நாலு மாடி கட்டினால் தீராதா? தீராது. கணக்கைப் பாருங்கள். காலை 9 மணிக்குப் பூங்கா திறக்கிறது, பத்தாயிரம் கார்களில் ஆறாயிரம் 11 மணிக்குள் உள்ளே வரப் பார்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு மூவாயிரம். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் இரண்டாயிரம் கார்கள்தான் போக முடியும். ஆக ஒன்றரைத் தடம் இந்தப் பூங்காவுக்கென்றே போய்விடும். கட்டணச் சாவடியில் காருக்கு இருபது விநாடி ஆனால் ஒரு சாவடி மணிக்கு 180 காரைத்தான் அனுப்பும். பதினேழு சாவடிகள் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். இதில் ஒரு ஓட்டுநர் கார்டைத் தேடிப் பையைத் துழாவினால் போதும், பின்னால் ரோடு முழுக்க நிற்கும். இன்னும் ஐயாயிரம் கார்களுக்கு இடம் கட்டினால் அந்த இரண்டு மணி நேரத்தில் இன்னும் மூவாயிரம் கார்கள் வரப் பார்க்கும். நிறுத்துமிடம் பெருகும், வாய் அதேதான். இரவு வாணவேடிக்கை முடிந்ததும் மாடி மாடியாக எல்லோரும் ஒரே நேரத்தில் எஞ்சினை முடுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலையிலாவது ஆவல் இருந்தது.

வெளி நெரிசலைத் தடுக்கப் பூங்காவால் முடியாது என்ற வாதத்தை 2019இல் டிஸ்னிலேண்டே பொய்யாக்கியது. அந்த மே 31இல் ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தது. ஊரே ஸ்தம்பிக்கும் என்று பயந்தார்கள். ஜூன் 23 வரை, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே, அதுவும் நாலு மணி நேரத்துக்குத்தான் அந்தப் பகுதிக்குள் அனுமதி என்று வைத்தார்கள். பயந்த நெரிசல் வரவில்லை. அந்தக் கோடையில் கூட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது, ஆண்டுச் சந்தாதாரர்கள் பலருக்கு அந்த நாட்களில் அனுமதி இல்லை, ஓட்டல் வாடகை எகிறியிருந்தது. இவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவற்றில் அந்த அனுமதி மறுப்பும் பூங்காவின் கையில் இருந்த கருவிதானே? வாசலில் கலவரமானால் தொலைக்காட்சியில் கம்பெனியின் மானம் போகும் என்ற நிலை வந்தபோது அந்தக் கருவிகள் உடனே வெளியே வந்தன. 2021இல் கொரோனாவுக்குப் பிறகு திறந்தபோது எல்லோருக்குமே நாள் குறித்து முன்பதிவு என்றாயிற்று. நாளைக் குறிக்க முடிந்தவர்களுக்கு வரும் வேளையைக் குறிக்க முடியாதா?

கைக்குழந்தையும் தள்ளுவண்டியும் சாப்பாட்டுக் கூடையுமாக வரும் குடும்பத்தை ரயிலில் ஏறச் சொல்வது அநியாயம், அவர்களுக்குக் கார்தான் வசதி என்ற ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். முதியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் கார் தேவை. ஆனால் நெரிசலால் அதிகம் அவதிப்படுவதும் இவர்கள்தான். ரயிலிலோ பஸ்ஸிலோ வர முடிந்த இளைஞர் கூட்டம் ரோட்டை விட்டு விலகினால் முதலில் பிழைப்பது அந்தக் கைக்குழந்தை. கலிபோர்னியா ஜப்பான் அல்ல, அங்கே வீடுகள் சிதறிக் கிடக்கின்றன, தண்டவாளம் போட்டாலும் யார் ஏறுவார்கள் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். 2014இல் அனஹைமில் பல கோடி டாலர் செலவில் கட்டிய புதிய ரயில் நிலையத்தில் எதிர்பார்த்த கூட்டம் இல்லை என்பதும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். அந்த நிலையம் பூங்கா வாசலில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டையும் இணைக்க யோசித்த டிராம் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. பாதி வழியில் நிற்கும் ரயிலைக் காட்டி ரயிலே உதவாது என்று தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

கட்டணம் உயர்த்தியதும் ஒரு தீர்வுதானே என்று சிலர் கேட்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப், இலவசப் பார்க்கிங்கால் சமூகம் கொடுக்கும் விலையைப் பற்றி 2005இல் பெரிய புத்தகமே எழுதினார். அவர் கேட்டது, தேவை ஏறும் நேரத்தில் ஏறி, இறங்கும் நேரத்தில் இறங்கும் கட்டணம். எட்டே முக்காலுக்கு முண்டியடிப்பவரிடமும் மதியம் மூன்று மணிக்கு நிதானமாக வருபவரிடமும் ஒரே தொகை வாங்குவது வெறும் வசூல்; அது யாரையும் பத்து நிமிஷம்கூடத் தள்ளி வர வைக்காது. டிக்கெட்டோடு சேர்த்தே பார்க்கிங்கையும் நேரம் குறித்து விற்கலாம். நாலு பேர் அடைந்து வரும் காருக்கும் ஒருவர் மட்டும் வரும் காருக்கும் வேறு விலை வைக்கலாம். பஸ்ஸில் வந்தவருக்கு நுழைவுக் கட்டணத்தில் சலுகை தரலாம். இதற்கெல்லாம் புதிய விஞ்ஞானம் வேண்டாம், தேதிக்குத் தேதி டிக்கெட் விலையை மாற்றும் வித்தையை 2016லிருந்தே அவர்கள் செய்து வருகிறார்கள்.

ஆனால் வெளி வரிசைக்கும் பூங்காதான் பொறுப்பு என்று யாராவது எழுதி வாங்கினால் ஒழிய இது நடக்காது. எழுதி வாங்க ஒரு சந்தர்ப்பம் சமீபத்தில் வந்தது. பூங்காவை விரிவாக்க டிஸ்னி கேட்ட திட்டத்துக்கு 2024 மே மாதம் அனஹைம் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது. கம்பெனி குறைந்தது 190 கோடி டாலர் முதலீடு செய்யும். அதில் புதிய ரைடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் புதிய பார்க்கிங்குக்கும் இடமுண்டு. ரயில் பாதை என்று ஒன்று இல்லை.