கட்டில் பீரோ வழக்கு

பொருள் பழுது என்று வரும் வழக்கை நடத்துவது எளிது. பொருளில் ஒரு குறையும் இல்லை, வைத்தால் புழங்கத்தான் முடியவில்லை என்று வரும் வழக்கில் சட்டம் சற்றுத் திணறும். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடப்பிலிருந்த காலத்தில் எங்கள் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்கு அப்படி ஒரு புகார் வந்தது. அதில் நான் எந்தத் தரப்புக்கும் வக்கீல் இல்லை. அறையை அளந்து அறிக்கை தாக்கல் செய்ய மன்றம் என்னை ஆணையராக நியமித்திருந்தது. கட்சிக்காரர் இல்லாத வக்கீலுக்கு வழக்கு கொஞ்சம் தெளிவாகவே தெரியும்.

புகார்தாரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கட்டில், நான்கு கதவு பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் மூன்றையும் ஒரே கடையில் வாங்கினார். அவை போகப்போவது மாப்பிள்ளை வீட்டு அறைக்கு. பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்று அளப்பது அழகில்லை என்று சம்பந்தியிடமே அளவைக் கேட்டார். அவர் ஃபிளாட்டின் வரைபடத்தைப் பார்த்து ‘பத்துக்கு ஒன்பது’ என்றார். ஆசிரியர் அதைக் கடையில் சொன்னார். விற்பனையாளர், “தாராளமா போகும் சார்” என்றார். கல்யாண வீட்டு அலைச்சலில் இருக்கும் மனிதருக்கு அந்த வார்த்தை எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

நுகர்வோர் மன்றத்தில் பெரும்பாலும் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதில்லை. இரு தரப்பும் பிரமாண வாக்குமூலம் போடுவார்கள், ஆவணங்கள் பேசும். ‘தாராளமாகப் போகும்’ என்று யாரும் சொல்லவில்லை என்று கடை மறுத்துவிட்டது. ஆனால் கடையின் ஆர்டர் படிவத்தின் ஓரத்தில், விற்பனையாளர் தன் கையால், பென்சிலில் ‘10 x 9’ என்று எழுதியிருந்தார். வழக்கே அந்தக் கிறுக்கலில்தான் நின்றது. பொருளைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பதுதான் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. அதற்கு 16ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது: இன்ன தேவைக்கு வாங்குகிறேன் என்று விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய தொழிலறிவை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அறையின் அளவை எழுதிக்கொண்டவர், எந்த அறைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரு தரப்பு வக்கீல்களோடு அந்த ஃபிளாட்டுக்குப் போனேன். அறை 9 அடி 11 அங்குலத்துக்கு 8 அடி 11 அங்குலம் இருந்தது. வரைபடத்தில் போடுவது செங்கல் சுவருக்குச் செங்கல் சுவர் அளவு. பக்கத்துக்கு அரை அங்குலம் பூச்சு ஏறினால் ஓர் அங்குலம் போய்விடும். கட்டில் சட்டத்தோடு சேர்த்து 7 அடி நீளம், 6 அடி 3 அங்குல அகலம். பீரோ 6 அடி அகலம், 2 அடி ஆழம், ஒவ்வொரு கதவும் ஒன்றரை அடி. கட்டிலை ஒரு நெடுஞ்சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ச்சுவரில் பீரோவை நிறுத்தியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் 8 அங்குலம். கதவைத் திறந்தால் கால்வாசி வந்ததும் கட்டிலில் இடிக்கும். பீரோவின் கைப்பிடி பட்டுப் பட்டுக் கட்டில் விளிம்பில் மைக்கா பெயர்ந்திருந்ததை அறிக்கையில் தனியாகக் குறித்தேன். அந்தப் பெண் உடம்பை ஒருக்களித்து, கையை உள்ளே விட்டு, கைக்கு அகப்பட்ட புடவையை இழுத்துக் காட்டினார். டிரெஸ்ஸிங் டேபிள் அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் ஹாலில் கிடந்தது.

கடைத்தரப்பு வக்கீல் வேறு விதமாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னபடியெல்லாம் ஹால் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தோம். கட்டிலைத் திருப்பி, பீரோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் பீரோ திறந்தது. ஆனால் ஜன்னல் மறைந்தது, கட்டிலின் தலைமாடு குளியலறைக் கதவை அடைத்தது.

விசாரணையில் அவர் சதுர அடிக்கணக்குப் போட்டார். திறமையான வாதம்தான். கட்டில் ஏறக்குறைய 44 சதுர அடி, பீரோ 12, டிரெஸ்ஸிங் டேபிள் நாலரை. மொத்தம் அறுபது சொச்சம். அறையோ தொண்ணூறு. மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க, இடமில்லை என்று எப்படிச் சொல்லலாம்? ஷோரூம்களிலும் இதே கணக்கில்தான் விற்கிறார்கள். அங்கே கூரை உயரம், சுற்றிலும் இடம், எதுவுமே சிறியதாகத்தான் தெரியும். பழைய சட்டப்படி மாவட்ட மன்றத்தின் இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அன்று அவர்தான் கேட்டார்: “அந்தக் காலி இடத்தில் நின்று பீரோவைத் திறக்க முடியுமா?” வக்கீல் உடனே, எங்களுக்குக் கொடுத்த அளவே ஓர் அங்குலம் தவறு என்றார். ஓர் அங்குலத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் எட்டு ஒன்பதாகுமே தவிர பதினெட்டாகாது என்றார் தலைவர்.

அறை மாப்பிள்ளை வீட்டுடையது, புகார்தாரருக்கு என்ன நஷ்டம் என்ற ஆட்சேபம் அதிக நேரம் நிற்கவில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான்.

புகார்தாரரை உண்மையில் அடித்தது காலதாமதம். கல்யாணம் வைகாசியில். பெண் ஆடிக்குப் பிறந்த வீடு வந்தபோதுதான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அதன் பிறகும் ஆசிரியர் சில வாரம் தயங்கினார். இறங்கிய சீரைத் தெரு பார்க்க வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவருவதா? கடைசியில் அவர் கடைக்குப் போனபோது, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லில் அச்சடித்த வரியைக் காட்டினார்கள். மன்றம் அந்த வரியைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவைத் தாண்ட முடியவில்லை: வேண்டாம் என்று தெரிவிக்காமல், நியாயமான காலம் கடந்தும் பொருளை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். ஏற்றுக்கொண்ட பின் பொருளைத் தள்ளிவிட முடியாது, நஷ்டஈடுதான் கேட்கலாம். அவருடைய வக்கீல் சம்பந்தி மரியாதை, புதுப்பெண்ணின் கூச்சம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். மூன்று பேரும் அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆனாலும் பயன்படுத்திய பொருள் பயன்படுத்தியதுதானே.

எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருப்பது அடுத்த பிரிவை நினைத்தால்தான். பொருள் வேண்டாம் என்று மறுப்பவர் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடையில் சேர்க்க வேண்டியதில்லை, மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும் என்கிறது 43ஆம் பிரிவு. வண்டியும் வேண்டாம், தெருவும் பார்க்க வேண்டாம். ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருந்தால் போதும். அவர் பயந்தது சட்டம் அவரிடம் கேட்காத ஒரு காரியத்துக்கு.

தீர்ப்பு மூன்றாகப் பிரிந்தது. கட்டில் அறைக்குள் அடங்குகிறது, புழக்கத்திலும் இருக்கிறது, அதற்குப் பரிகாரம் இல்லை. பிரிக்காத டிரெஸ்ஸிங் டேபிளைக் கடை எடுத்துக்கொண்டு முழு விலையையும் தர வேண்டும். பீரோவுக்கு விலையில் பாதி நஷ்டஈடு, அதோடு வழக்குச் செலவு. மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் இருந்தது. கடை போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டது.

கட்டில் பீரோ வாங்கப் போகிறவர்கள் அறையின் நீள அகலத்தோடு கதவும் ஜன்னலும் எங்கே என்பதையும் ஆர்டர் படிவத்தில் கடைக்காரர் கையாலேயே எழுத வைத்து, ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள். பேனாவில் எழுதச் சொல்லுங்கள்.