உட்காருங்கப்பா!

எங்கப்பா மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷத்துக்கும் மேல் கம்பத்தில் ஏறி இறங்கியவர். புயல், மழை, நடுராத்திரி எதற்கும் அசைந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் விழுந்தது எங்கே தெரியுமா? எங்கள் வீட்டு பாத்ரூம் வாசப்படியில். உயரம் மூன்று அங்குலம்!

ராத்திரி இரண்டு மணி. 'தொப்'பென்று ஒரு சத்தம். ஓடிப்போய் லைட்டைப் போட்டால், அப்பா தரையில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்லடா, நீ போய்த் தூங்கு" என்கிறார். புருவத்திலிருந்து ரத்தம் கொட்டுகிறது! மூன்று தையல், வீங்கிப் போன மணிக்கட்டு. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டர், "எலும்பு தப்பிச்சுது. வயசு 72 ஆகுது. ஜாக்கிரதையா பார்த்துக்குங்க" என்றார்.

அந்த 'ஜாக்கிரதை'யை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. எதிர்வீட்டுத் தாத்தா இப்படித்தான் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன், படுக்கை, முதுகில் புண். நாலே மாதம். வீட்டு வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள்.

நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். எங்களுக்கெல்லாம் ஒரு பிரச்னை வந்தால் முதலில் செய்யத் தெரிந்த காரியம் சர்க்குலர் விடுவது. வீட்டிலும் விட்டேன்.

ஒன்று: அப்பா தனியாக வெளியே போகக் கூடாது, ஆஞ்சநேயர் கோயில் உள்பட. இரண்டு: காபி, பேப்பர், சாப்பாடு எல்லாம் நாற்காலிக்கே வரும். மூன்று: மொட்டைமாடி கூடவே கூடாது. நான்கு: எது வேண்டுமானாலும் குரல் கொடுக்கவும், எழுந்திருக்க வேண்டாம்.

கை வைத்த பெரிய நாற்காலி ஒன்றும் வாங்கிப் போட்டேன், மெத்தையோடு. அதன்பிறகு எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட வார்த்தை, "உட்காருங்கப்பா!" அவர் லேசாக அசைந்தாலே போதும். நான், அம்மா, என் மனைவி, யு.கே.ஜி. படிக்கும் பையன் என்று நாலு பேரும் கோரஸாகக் கத்துவோம். அப்பாவும் உட்கார்ந்துவிடுவார். நங்கநல்லூரிலேயே என்னைப் போல ஒரு பிள்ளை உண்டா என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

ஆறு மாதம் கழித்து அப்பா மறுபடி விழுந்தார். இந்தத் தடவை பட்டப்பகலில், ஹாலில், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. மிதியடிகூடப் பக்கத்தில் இல்லை. எல்லா சாட்சியும் சுத்தமாக இருந்தது, குற்றவாளிதான் கிடைக்கவில்லை.

அதே டாக்டர், வலியைப் பார்க்க ஒரு பிஸியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். சின்னப் பெண். கையில்லாத நாற்காலி ஒன்றில் அப்பாவை உட்காரவைத்து, "ரெண்டு கையையும் மார்ல கட்டிக்குங்க ஐயா. இப்ப எழுந்து நில்லுங்க பார்ப்போம்" என்றது. அப்பா முன்னே சாய்ந்தார், முக்கினார், முகம் சிவந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

"காலைலேருந்து ராத்திரி வரைக்கும் ஐயா என்னென்ன பண்றார்?"

நான் சர்க்குலரைப் பெருமையாக ஒப்பித்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: "சார், உங்க அப்பாவுக்குக் கால்ல வியாதி எதுவும் இல்லை. ஆறு மாசமா அந்தக் காலுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். வேலையிலேருந்து தூக்கினது யாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நாம் நிற்பது என்பதே ஒரு ஆபீஸ் நடத்துகிற மாதிரி என்று. கண் ஒரு ரிப்போர்ட் அனுப்புகிறது. காதுக்குள்ளே இருக்கிற சமநிலை உறுப்பு ஒரு ரிப்போர்ட். பாதமும் மூட்டும் தரை எப்படி இருக்கிறது என்று ஒரு ரிப்போர்ட். மூளை மூன்றையும் சேர்த்துப் பார்த்து, தொடைக்கும் கணுக்காலுக்கும் ஆர்டர் போடுகிறது. வயசாக ஆக ரிப்போர்ட் வருவதும் தாமதம், ஆர்டர் போவதும் தாமதம். ராத்திரி இருட்டில் கண் லீவு. அந்த நேரம் பார்த்துத் தொடைக்கும் பலமில்லை என்றால், மூன்று அங்குலப் படி போதும்.

இதில் பயம் வேறு சேர்ந்துகொள்கிறது. விழுந்தவர் பயந்து நடமாட்டத்தைக் குறைக்கிறார். குறைத்ததால் கால் பலவீனமாகிறது. பலவீனமானதால் மறுபடி விழுகிறார். விழுந்ததால் இன்னும் பயம். இந்தச் செக்கு தானாகவே சுற்றும். நான் பக்கத்தில் நின்று எண்ணெய் வேறு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, இதைப் பற்றித் தேடிப் படித்தேன். உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்தே சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பஸ் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லிக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறோம். பாட்டிக்கு?

நல்ல சேதியும் இருந்தது. 25 நாடுகளில் 23 ஆயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்திய 108 ஆராய்ச்சிகளை, காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பு 2019-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்த முதியவர்களிடம் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது 100 தடவை விழ வேண்டிய இடத்தில் 77. சமநிலைப் பயிற்சியோடு தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் சேர்ந்தால் இன்னும் நல்ல பலன். ஆனால் வெறும் நடைப்பயிற்சி விழுவதைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லையாம். 'தாத்தா தினமும் வாக்கிங் போறாரே, போதாதா?' என்கிறவர்கள் கவனிக்கவும்.

பிஸியோதெரபிஸ்ட் பெண் எங்கள் தெருக்கோடிப் பூங்காவில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஆறரைக்கு, ஒரு பத்துப் பன்னிரண்டு பெரியவர்களை வைத்துப் பயிற்சி நடத்துகிறது. கட்டணம் கிடையாது. அப்பாவையும் கூப்பிட்டது. "ஜப்பான்ல கோச்சினு ஒரு ஊர் ஐயா. 2002-ல அங்கே நூறு வயசுப் பயிற்சின்னு ஆரம்பிச்சாங்க. அக்கம்பக்கத்துப் பெரியவங்க ஒரு இடத்துல கூடி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையிலயும் கால்லயும் எடைப் பட்டை கட்டிக்கிட்டு பண்ணுவாங்க. எடை பூஜ்யத்துலேருந்து 2.2 கிலோ வரைக்கும் பத்துப் படி. அது அப்படியே மத்த ஊருக்கெல்லாம் பரவிடுச்சு."

அப்பாவுக்கு 'கொச்சி' என்று காதில் விழுந்திருக்கிறது. "மலையாளத்துக்காரங்க எப்பவுமே உஷார்" என்று பாராட்டிவிட்டு, வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

"கம்பத்துல ஏறினவன்டா நான். பத்துப் பேர் பார்க்க நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு எழுந்து எழுந்து உட்காரணுமா?"

நானும் கெஞ்சினேன், கோபித்தேன். அசையவில்லை. கடைசியில் காரியத்தைச் சாதித்தவள் அம்மா. "ஏங்க, பார்க்குல விளக்குக் கம்பத்து அடியில ஒரு பெட்டி மூடியில்லாம, ஒயர் வெளியே தொங்குதாம். குழந்தைங்க விளையாடற இடம்..." என்று முணுமுணுத்தபடி கீரை ஆய்ந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அப்பா சட்டை போட்டுக்கொண்டு நின்றார். என் தோளைப் பிடித்தபடி, இருநூறு அடி தூரத்தைக் கால் மணி நேரம் நடந்தார். பெட்டியைப் பார்த்தார், திட்டினார், யாருக்கோ போன் போட்டார். மூச்சு வாங்கியது. உட்கார இடம் தேடினார். அங்கே வரிசையாக நாற்காலி போட்டிருந்தது!

நாற்காலிகள் எல்லாம் காம்பவுண்டு சுவரை ஒட்டி, பின்னால் நகராத மாதிரி. எதிரில் ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேன், மூன்றாவது தெரு மாமி, அரிசிக்கடை அண்ணாச்சி, இன்னும் சிலர். உட்கார்ந்து எழுந்திருப்பது, குதிகாலை உயர்த்துவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது என்று வரிசையாக நடந்தது. அப்புறம் ஒரு குதிகாலை மறு பாதத்தின் விரலில் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்க வேண்டும். ஆம்பளைகள் எல்லாம் கழைக்கூத்தாடி மாதிரி கையை விரித்துத் தள்ளாடினார்கள். மாமியோ சரசரவென்று போய்த் திரும்பினாள்.

"இதென்னடா புதுசா? அடிப்பிரதட்சிணம்தானே! கல்யாணத்துக்கு முன்னாடியே நூத்தியெட்டு சுத்தினவ நான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் வினை. "சார், சும்மா நின்னு வேடிக்கை பார்க்கிறீங்களே. ஒத்தக்கால்ல நில்லுங்க பார்ப்போம்" என்றது அந்தப் பெண். எனக்கு வயசு 34. அலட்சியமாக ஒரு காலைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழாவது வினாடி போஸ்ட்மேனின் தோளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பக்கத்தில் 69 வயசு மாமி, அவியலுக்குத் தேங்காய் அளவு சொல்லிக்கொண்டே அரை நிமிஷம் நின்றாள்.

அப்பா அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு, "எங்கே, எனக்கு ஒரு நாற்காலி போடு" என்றார்.

30 வினாடியில் கையை ஊன்றாமல் எத்தனை தடவை உட்கார்ந்து எழுகிறோம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அப்பா வயசு ஆண்களுக்கு 12-க்குக் கீழே போனால் விழும் ஆபத்து அதிகம் என்று அர்த்தம். கை ஊன்றினால் பூஜ்யம். அப்பா முதல் நாள் எடுத்த மார்க் அந்தப் பூஜ்யம்தான். உட்காரும் இடத்தை இரண்டு தலையணை போட்டு உயர்த்தி அங்கிருந்து ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் தலையணை போய்விட்டது. நாலாவது மாதம் 11. இப்போது 13.

வீட்டில் தனியாகச் செய்தால் பத்து நாளில் விட்டிருப்பார். பூங்காவில் அது நடக்காது. ஒருநாள் வரவில்லை என்றால் போஸ்ட்மேன் வாசலுக்கு வந்துவிடுவார். அத்தனை வருஷம் கடுதாசியைக் கொண்டுபோய் வீட்டில் சேர்த்தவர், இப்போது வீட்டிலிருந்து ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்!

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த சர்க்குலரை நான் பாசத்தில்தான் போட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாசம் பாதிதான். மீதிப் பாதி, மார்ச் மாத ஆடிட். அப்பா விழுந்தால் நான் லீவு போட வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் எனக்கு நிம்மதி. என் சௌகரியத்துக்கு 'அக்கறை' என்று பெயர் வைத்திருந்தேன். ஒருநாள் பூங்காவிலிருந்து திரும்பும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "எனக்கும் பயமா இருந்துச்சுடா. அதான் நீ உட்காருன்னதும் உட்கார்ந்தேன்" என்றார். அவ்வளவுதான்.

இது மாயமந்திரம் இல்லை. பாத்ரூமில் கைப்பிடி அடித்தோம். வழுக்குகிற மிதியடியைத் தூக்கிப் போட்டோம். ராத்திரி விளக்கை அப்பாவே மாட்டினார் (ஸ்டூலில் ஏறியது நான், கீழே நின்று திட்டியது அவர்). எழுந்ததும் தலைசுற்றல் வருகிறதா, மாத்திரை ஏதாவது காரணமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எல்லாம். ஏற்கெனவே விழுந்தவர்களை நீங்களாகவே ஒற்றைக்காலில் நிற்க வைத்துவிடாதீர்கள்.

போன மாதம் அப்பா தனியாகவே ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய் வந்தார். வந்ததும் வராததுமாக, "இன்னிக்கு வழியில கல் தடுக்கிச்சு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"விழலைடா. தடுமாறினேன், அவ்வளவுதான். இந்தக் காலு தானாப் போய் முன்னாடி ஊணிக்கிச்சு." ஏதோ கம்பத்து உச்சியிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி முகம். "32 அடி உயரத்துக்கு நிக்கிறாரே, அவர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்தேன், நானும் நிக்கிறேன்னு!"

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டு முழித்துக்கொண்டேன். பழைய பழக்கம், "உட்காருங்கப்பா" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி படுத்திருந்தேன். சின்ன விளக்கு எரிந்தது. வாசப்படி. ஒரு கால், மறு கால். தண்ணீர்ச் சத்தம். திரும்பவும் வாசப்படி. என் அறையைத் தாண்டும்போது சத்தம் நின்றது.

"என்னடா, தூங்கலையா?"

"இல்லப்பா..."

"சும்மா படுத்துக் கிடக்கிற நேரத்துக்கு எழுந்து ஒத்தக்கால்ல நின்னு பழகலாமில்ல? ஏழு செகண்டாம், ஏழு!"