நூற்றுக்கு எத்தனை பேர் சொடுக்கினர்?

அச்சான பிரதிகள் எத்தனை, விற்காமல் திரும்பி வந்தவை எத்தனை என்பது பத்திரிகை விற்பனைப் பிரிவின் பழைய கணக்கு. தேடுபொறிகள் தரும் சொடுக்கு வீதமும் ஏறத்தாழ அதுவே. தேடியவர்களுக்கு ஒரு பக்கம் நூறு தடவை காட்டப்பட்டு, ஐந்து தடவை சொடுக்கப்பட்டால் வீதம் 5. கூகுள், பிங் இரண்டுமே தளம் வைத்திருப்போருக்கு இக்கணக்கை இலவசமாகத் தருகின்றன.

சாம்பல்தீவு பற்றி நான் எழுதிய கட்டுரைக்கான இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்த இளம் நண்பர் ஒருவர், "பிங்கில்தான் உங்களுக்கு மவுசு, ஐயா" என்றார். வீதம் அங்கே கூடுதலாம். நான் உடன்படவில்லை. ஆயிரம் தடவை காட்டி இருபது பேர் வந்தால் 2 சதவீதம். பத்துத் தடவை காட்டி இருவர் வந்தால் 20 சதவீதம். எழுதுகிறவனுக்கு எது வேண்டும்?

இடமும் கணக்கைப் புரட்டும். 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் சுமார் ஆறரை இலட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களை வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் இலக்கங்களை இட்டிருந்தும் ஒரு மூதாட்டியைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்துவிட்டதும், நிறுவனம் தலைகுனிந்ததும் வேறு கதை. அத்தரவை ஆராய்ந்தவர்கள், சொடுக்குகளில் 42 சதவீதம் அளவு முதல் முடிவுக்கும், 12 சதவீதம் அளவு இரண்டாவதற்கும் போயிருக்கக் கண்டனர். ஆகவே ஓரிடத்தில் முதலாவதாகவும் மற்றோரிடத்தில் எட்டாவதாகவும் நிற்கும் பக்கத்தின் வீதங்களை ஒப்பிடுவது, முதற்பக்கச் செய்தியை உள்பக்கத்துச் செய்தியோடு ஒப்பிடுவது போன்றது.

எனக்கு உறுத்துவது, காட்டப்படாமலே போனவை இக்கணக்கில் இல்லை என்பதே. உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையிலுள்ள இச்சிற்றூரைச் சாம்பல்தீவு என்போம். புணர்ச்சி பார்த்து எழுதினால் சாம்பற்றீவு. பிரித்துத் தேடினால் எரிமலைச் சாம்பல் மூடிய தீவுகள் வந்து நிற்கக்கூடும். ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு வடிவம். மாவட்டமோ திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை என மூன்று பெயர் கொண்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தவர்கள் தத்தம் ஊர்ப்பெயரை இட்டுத் தேடிய நாள்கள் அவை. அக்காலத்தில் ஈழத்துத் தமிழ்ப் பக்கங்கள் பல பாமினி எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. யுனிகோட்டில் ஊர்ப்பெயரைத் தட்டியவருக்கு அச்செய்தி அகப்படாது. அவர் வெறுங்கையோடு திரும்பியதை எந்த வீதமும் பதிவு செய்யவில்லை. காட்டினால்தானே வகுப்பதற்கு ஓர் எண் கிடைக்கும்?

இன்று குறை வேறு வடிவில் வருகிறது. 2024 மே முதல் கூகுள் முதலில் அமெரிக்காவிலும் பின்னர் பிற நாடுகளிலும், செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தை முடிவுகளுக்கு மேலே வைக்கிறது. அதைப் படித்து நிறைவுற்றவர் கீழே இறங்கமாட்டார். எழுதியவன் கணக்கில் காட்டல் ஒன்று, சொடுக்கு பூச்சியம்.

என் கட்டுரையின் முதற்பந்தியில் ஊர்ப்பெயரின் இரு தமிழ் வடிவங்களையும், வழங்கிவரும் ஆங்கில வடிவங்களையும் இப்போது சேர்த்திருக்கிறேன். இனிக் கூடுதலான தேடல்களில் அது காட்டப்படும். அதனால் வீதம் குறையலாம். குறையட்டும்.